படகுக்காரியின் இரண்டாவது துடுப்பு

ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் கோட்டுக்கு உள்ளே எழுதியதெல்லாம் டீச்சரின் மகளுக்கு நடந்தது. வெளியே எழுதியது எதுவும் நடக்கவில்லை. அந்த வருஷம் பாடமாக வந்த நாவலில் ஒரு படகுக்காரி. பிள்ளைகளுக்கு அவளைப் புரியவைக்க டீச்சர் ஒரு பயிற்சி வைத்தாள். காகிதத்தைத் தரையில் விரித்து, ஒருத்தியைப் படுக்கவைத்து, உடம்பைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். உள்ளே படகுக்காரி எப்படிப்பட்டவள் என்று எழுத வேண்டும், வெளியே ஊர் பேசும் பேச்சு. சீருடை அழுக்காகும் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். அதே வகுப்பில் படித்த தன் மகளைப் பார்த்து, "நீ படுடி" என்றாள் டீச்சர். வினை அங்கேதான் ஆரம்பம்.

'உள்ளங்கை காய்த்தவள், பக்கம் 9' என்று எழுதிய மறுநாள், துடைப்பத்தைக்கூடத் தொடாத மகளின் கை காய்த்துக் கிடந்தது. 'தண்ணீருக்கு அஞ்சாதவள், பக்கம் 17' என்றதும், கால் நனைக்கவே அலறியவள் ஆற்றை நீந்திக் கடந்தாள். டீச்சருக்கு உள்ளூரப் பெருமைதான், சொல்லாமல் என்ன! பக்க எண் இல்லாமல் ஒரு வார்த்தையும் உள்ளே ஏறக் கூடாது என்பது அவள் சட்டம். வகுப்பில் வாயாடி என்று பேரெடுத்தவள் ஒருநாள் எழுந்தாள். "ஆத்தங்கரையில விட்டுட்டுப் போன அம்மாவ அவ மன்னிக்கவே மாட்டா டீச்சர். பக்கம் நாப்பத்தி மூணு." புத்தகத்தில் அப்படியே இருந்தது. டீச்சர் எழுதவிட்டு, பக்கத்தில் சிவப்பில் ஒரு டிக்கும் போட்டாள்.

அன்று சாயங்காலம் மகள் ஒரே ஒரு தட்டைக் கழுவி, தனியாகச் சாப்பிட்டாள். பேச்சு நின்றது. ஒருநாள் மழையில் பள்ளி வாசலில் ஒன்றரை மணி நேரம் காக்கவைத்ததைத் தவிர டீச்சர் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. "என்னடி தப்பு பண்ணேன், சொல்லித் தொலையேன்!" என்று கத்தினாள், கெஞ்சினாள், அழுதாள். காகிதத்தைக் கிழிக்கப் போனாள். கூடவே வேறெதுவும் கிழிந்துவிடுமோ என்று கையை எடுத்துக்கொண்டாள். 'மன்னித்தாள்' என்று எழுதிப் பார்த்தாள். ஆதாரமில்லாத மை காகிதத்தில் நிற்காமல் வழிந்து தரையில் சொட்டியது.

நாவலைப் பதினேழு தடவை படித்தாள். எழுதின பாவி மன்னிப்புக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, "எனக்குத் தெரியல பிள்ளைங்களா, நீங்களே தேடிக் குடுங்க" என்று வகுப்பிடமே கேட்டாள். மூன்று வாரம் கழித்து அதே வாயாடிதான் எழுந்தாள்.

"அவ தனியாத்தானே போறா? அப்புறம் எதுக்கு டீச்சர் படகுல ரெண்டாவது துடுப்பு? பக்கம் இருநூத்திப் பன்னெண்டு."

"அது அம்மாவுக்குன்னு எங்க போட்டிருக்கு?"

"போடல டீச்சர்."

போட்டிருந்ததை மட்டும் டீச்சர் எழுதினாள்: 'இரண்டாவது துடுப்பு ஒன்று வைத்திருக்கிறாள்.' மை நின்றது. அன்று மகள் இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்தாள். பேசவில்லை.

அப்புறமும் பேசவில்லை. சுவருக்கு நாலு தடவை வர்ணம் அடித்தார்கள், காகிதத்தை விட்டுச் சுற்றிலும். மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊரில் தனியாக வீடு எடுத்தாள். ஓய்வு பெற்ற மறுநாள் டீச்சர் பெட்டியோடு அங்கே போய் நின்றாள். மகள் கதவைத் திறந்து, பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். ஒற்றை ஆள் இருந்த வீட்டில் இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி. பதினொரு வருஷமாக யாரும் உட்காராத அந்த இரண்டாவது நாற்காலியில் பொட்டுத் தூசி இல்லை. டீச்சர் உட்கார்ந்தாள்.