மூன்று குளிர்காலத்து விறகு

லெம்பி அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து ஒரு விறகை உள்ளே தள்ளினாள். கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஏலக்காய் ரொட்டியும் காபியும் கைமாறின. முப்பத்தோரு வருடம் அவளோடு குடித்தனம் நடத்திய ஆர்வோ, போன சனிக்கிழமை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அதனால் விறகைப் பற்றிப் பேசினார்கள்.

"அருமையா காய்ஞ்சிருக்கு. புகையே இல்ல பாருங்க" என்றார் பக்கத்துப் பண்ணை எய்னோ.

"அண்ணன் அடுக்கினா சும்மாவா" என்றான் ஆர்வோவின் தம்பி ரெய்னோ. சொன்ன பிறகு தரையைப் பார்த்தான்.

போன ஏப்ரலில் மனநல மருத்துவர் ஆர்வோவிடம் கேட்டார்: "அடுத்த வருஷத்த நினைச்சா என்ன தெரியுது உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியல" என்றான் ஆர்வோ.

பக்கத்தில் இருந்த லெம்பி அடுத்த முறை வர நாள் கேட்டு வாங்கினாள். ஆனால் மே மாதம் அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் அந்த வடகோடியில் ஆள் எப்படியிருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. கொல்லையில் இருக்கும் விறகைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். இலையுதிர்வதற்குள் மூன்று குளிர்காலத்துக்கான விறகு கொல்லைக் கொட்டகையில் கூரை முட்ட நின்றது.

"அடுத்த வருஷமே தெரியலன்னவன் மூணு வருஷத்த அடுக்கி வச்சிருக்கான். இனிமே டாக்டர் எதுக்கு அண்ணி?" என்று ரெய்னோ சிரித்தான். லெம்பியும் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அக்டோபரில் மருத்துவரைப் பார்க்க வாங்கியிருந்த நாளை அவளே போன் செய்து வேண்டாமென்றாள். ஆர்வோ சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டான்.

இப்போது அடுப்புக்கு அடுத்த விறகை எடுக்கும்போதுதான் லெம்பி தன் கையைக் கவனித்தாள். காபிக் கோப்பை இடது கையில் இருந்தது. விறகு வலது கையில்.

அவன் வெட்டும் கட்டையை அவள் என்றைக்கும் ஒரு கையால் தூக்கியதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் இதற்கொரு சண்டை உண்டு. "கொஞ்சம் சின்னதா வெட்டேன் ஆர்வோ, இடுப்பு ஒடியுது."

"தூக்கிப்போடத்தான் நான் இருக்கேனே."

கோப்பையை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மேல் வரிசை, நடு வரிசை, சுவரோரம். எல்லாமே சின்னது. மூன்று குளிர்காலமும் அவள் ஒருத்திக்கு. அவள் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்க, கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். வேர்வை துடைக்கத் துண்டு கொடுத்ததும் அவள்தான்.

"படுபாவி" என்றாள்.

கொட்டகைக்கு வெளியே ஒரு மூலையில், பனிக்கு அடியில், போன வருடத்துக் கட்டைகள் நாலைந்து மிஞ்சிக் கிடந்தன. நீளமானவை. ஒன்றைக் காலால் உதைத்துப் பெயர்த்தாள். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி நெஞ்சோடு சாத்திக்கொண்டாள்.

ரெய்னோ வாசலில் நின்றான். "அண்ணி, கனமா இருக்கும். இங்க குடுங்க."

"வழி விடு."

அவன் விலகினான். கறுப்புக் கவுனில் மரப்பட்டை அப்பியிருக்க, மூச்சிரைத்துக்கொண்டு அவள் படியேறினாள்.