நெட்டையனின் முஷ்டி

அந்த ஆற்றுத்துறையில் ஆதியில் எல்லாச் சரக்கும் மனிதர் முதுகில்தான் இறங்கியது. பிறகு நீராவிக் கிரேன் வந்தது; அதன்பின் மின்சாரக் கிரேன். பத்து முதுகு தூக்குவதை ஒரே மூச்சில் தூக்கியது. ஆனால் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிரேன் இரைச்சலில் யார் கத்தினாலும் அவர் காதில் விழாது. அதனால் கப்பல் தளத்தில், அந்த வயிற்றின் திறப்பு ஓரத்தில், ஒருவன் நின்று கையால் பேச வேண்டும். விரலை உயர்த்திச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து விரித்தால் இறக்கு. முஷ்டியைத் தூக்கிப் பிடித்தால் அசையாதே. துறையின் வேதம் அவ்வளவுதான்.

அந்த வேலை நெட்டையனுக்குக் கிடைத்தது. தகுதி, உயரம் ஒன்றே. எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிவான். சிக்கல் என்னவென்றால், கை ஆடாமல் அவனுக்குப் பேச்சு வராது. சாப்பிடும்போது "போதும்" என்பதற்கே இரண்டு கைகளையும் வீசுவான். பக்கத்தில் இருப்பவரின் தண்ணீர்க் குவளை உருண்டு போகும். முதல் வாரம் யாரிடமோ கதை அளந்துகொண்டிருந்தபோது, கிரேன்காரர் அந்தக் கதையையும் உத்தரவாக எடுத்துக்கொண்டு மாவு மூட்டைகளை ஆற்றில் முக்கிவிட்டார். அன்றிலிருந்து வேலை நேரத்தில் நெட்டையன் மரக்கட்டை.

அன்று காலை ஒரு இரும்புக் கம்பிக் கட்டு கப்பலின் வயிற்றிலிருந்து ஏறி வந்தது. பாதி வழியில், கட்டிலிருந்து தொங்கிய கயிற்றின் வால் கப்பலின் உட்சுவரில் பதித்த ஏணியின் படியில் மாட்டிக்கொண்டது. கட்டு சாய்ந்தது. நெட்டையன் முஷ்டியைத் தூக்கினான். கிரேன் நின்றது.

சிக்கலை எடுக்க ஏணியில் ஏறியவன் நெட்டையனின் தங்கை புருஷன். "தங்கமான பையன், நான் பொறுப்பு" என்று மார்தட்டிக் கல்யாணத்தை முடித்து வைத்ததே நெட்டையன்தான். இப்போது அந்தத் தங்கத்தின் தலைக்கு நேர் மேலே அத்தனை இரும்பும் தொங்கியது.

"மச்சான், கைய அப்படியே வச்சிரு. இறக்கிட்டீன்னா உன் தங்கச்சிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு மாப்ள."

அப்போதுதான் குளவி வந்தது. அழையா விருந்தாளியாகக் காதோரம் உட்கார்ந்து, இடம் பிடிக்காமல் கன்னத்துக்கு நடந்தது. இடது கையால் தட்டலாம்தான். ஆனால் கிரேன்காரர் கண்ணுக்கு எல்லாக் கையும் கைதான்.

"மாப்ள, எறங்கிரு."

"ஏன்?"

"மூஞ்சில குளவி."

"பரவால்லையே, அதுக்காச்சும் உன் மூஞ்சி புடிச்சிருக்கே." கீழே சிரிப்பு எழுந்தது. பாதியிலேயே அறுந்தது. "மச்சான்... கை?"

"மூடித்தான் இருக்கு. எறங்குடா."

"முடியல. என் மணிக்கட்டு கயித்துக்குள்ள இறுகிக் கெடக்கு." இப்போது அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. "மச்சான், ஆட்டிராத. ப்ளீஸ்."

குளவி கண்ணுக்குக் கீழே கொட்டியது.

உடம்பு முழுக்கக் கையை உதறச் சொல்லிக் கெஞ்சியது. நெட்டையன் பல்லைக் கடித்தான். கண்ணீர் வழிந்ததில் முஷ்டி தெரியவில்லை. மூடியிருக்கிறதா, திறந்துவிட்டதா என்றே புரியவில்லை. நகம் உள்ளங்கையில் குத்துகிற வலியைத் தேடிப் பிடித்து, அதை மட்டுமே நம்பி நின்றான். குளவி இன்னொரு முறை கொட்டியது. கீழே கயிறு உரசும் சத்தமும், "வந்துருச்சு, வந்துருச்சு" என்ற முனகலும் கேட்டுக்கொண்டே இருந்தன. தங்கையின் முகம் நினைவுக்கு வரப் பார்த்தது. வராதே தாயே என்று விரட்டினான்.

பிறகு ஏணியில் காலடிகள். மாப்பிள்ளை தளத்தில் ஏறி நின்றான். மணிக்கட்டுத் தோல் உரிந்திருந்தது.

"விடு மச்சான். வந்துட்டேன்."

முஷ்டி திறக்கவில்லை. நெட்டையன் எவ்வளவோ முயன்றான். விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஆள்காட்டி விரலைப் பிடித்து நிமிர்த்தினான். அது நடுங்கிச் சுழன்றது. கிரேன் உறுமி, கட்டு ஒரு முழம் மேலே போயிற்று. இருவரும் குலைநடுங்கி அந்த விரலைத் திரும்ப மடக்கினார்கள்.

கிரேன்காரர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கத்தினார். இரைச்சலில் கேட்கவில்லை. தூக்கவா, இறக்கவா என்றுதான் கேட்டிருப்பார்.

மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி, எந்த விரலும் கிரேன்காரர் கண்ணில் படாதபடி அந்த முஷ்டியின் மேல் போர்த்தினான். உள்ளே கையை விட்டு அதை இறுகப் பற்றிக்கொண்டான். திறக்க முயலவில்லை. சட்டை மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.