துண்டு போர்த்திய கம்ப்யூட்டர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பல்லாண்டுகளாக அணையாமல் ஓடிய கடைக் கம்ப்யூட்டர் இன்று மதியம் என் திருக்கரங்களால் பழைய சிஸ்டத்தின் ஆட்சியிலிருந்து மீட்கப்பட்டுப் புதிய சிஸ்டத்தின் குடைக்கீழ் கொண்டுவரப்பட்டது... கொண்டுவந்தது சரி, எம்பிராய்டரி மிஷின் ஏன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறது? கேபிளைப் பிடுங்கிச் செருகியாயிற்று, ஊதிச் செருகியாயிற்று, திட்டிச் செருகியாயிற்று, 'சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை' என்றே திரை சொல்கிறது, அப்படியானால் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது என்ன, எருமையா? நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டுகளில் சின்னம் தைத்துக் கொடுத்தாக வேண்டும், தவறினால் வருஷ ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும், கடை என் மனைவியுடையது, ஆர்டர் அவளுடையது, நான் வெறும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இந்தக் கடையின் கம்ப்யூட்டர் இலாகா மந்திரி.

எல்லாம் மச்சான் பற்றவைத்த நெருப்பு. போன வாரம் வந்தவன் கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "அத்தான், இது கம்ப்யூட்டரா, சமாதியா?" என்றான். அவனுக்குப் பென்குயின் படம் போட்ட இலவச சிஸ்டம்தான் வேதம், வைரஸ் அண்டாது, நடுவில் உறையாது, விட்டால் முடிகூடக் கொட்டாது என்பான். "ஓடுறத ஏன்டா நோண்டணும்?" என்று அக்காக்காரி அதட்டினாள், அவள் பேச்சை அங்கேயே கேட்டிருக்கலாம்... 'யாரும் அணைக்கக் கூடாது' என்று அட்டை எழுதி ஒட்டியவனே நான்தானே, பழையதைப் போல உறுதியானது உலகத்தில் உண்டா, ஒரு நாளாவது நின்றதுண்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டியவன், சமாதி என்றதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, இன்று அந்தப் பென்குயினையே ஏற்றிவிட்டேன். ஆனாலும் யோசிக்கவேண்டிய விஷயம்தான், எது உறுதி? ஊரோடு ஒத்துப்போவதா, தன் பாட்டுக்குக் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பதா? பென்குயின் விழாதாம், சரி, பக்கத்து வீட்டோடு பேசவும் பேசாதோ? மகளுடைய லேப்டாப் கடிபட்ட பழச்சின்னக்காரன், பார்க்க லட்சணம், கேபிளோடு போனேன், "அப்பா, அந்த ஓட்டையே இதுல கிடையாதுப்பா" என்று தலைநிமிராமல் சொல்லிவிட்டாள். பழைய சிஸ்டத்தையே திரும்பப் போடலாம் என்றால், அதை ஏற்றும் சி.டி. தண்ணீர் டம்ளருக்கு அடியில் வட்டவட்டமாகக் கீறிக் கிடக்கிறது, வைத்தது யார் என்ற விசாரணை இப்போது வேண்டாம்...

செருப்புச் சத்தம். அளவெடுக்கப் போனவள் வந்துவிட்டாள், துண்டை அவசரமாகப் போர்த்தினேன், எதற்கு, பிணத்தை மறைக்கிறாற்போல? "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். சொன்னேன், ஒன்றுவிடாமல், மச்சானை மட்டும் இரண்டு தடவை சேர்த்துச் சொன்னேன். இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருக்க, அவள் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து விரல்நீளப் பென் டிரைவ் ஒன்றைக் கழற்றி மிஷினின் வயிற்றில் செருகினாள், பொத்தானை அமுக்கினாள், ஊசி தடதடவென்று வெள்ளைத் துணியில் இறங்கி ஆஸ்பத்திரிச் சின்னத்தின் முதல் இலையைப் போட்டது... அப்படியானால் இந்தக் கேபிள்? "அது பேசறத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. டிசைனெல்லாம் தம்பி அவன் ஆபீஸ்லேர்ந்து போட்டுத் தர்றான்." ஆபீசில் அவனுக்கு என்ன சிஸ்டம்? "உங்க பழசுதான், வேறென்ன." அடப்பாவி, ஊருக்கு உபதேசம்... அதை விடு, இவள் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கேட்டேன். நூலை வாயில் கடித்துக்கொண்டே, "சொன்னா நீங்க சரி பண்ண உக்காந்துடுவீங்களே" என்றாள்.

கோபம் வரவேண்டும், வரவில்லை, வேடிக்கையாகத்தான் இருக்கிறது, நான் மெச்சிய உறுதி யாரும் தொடாததன் உறுதியா, இந்த வீட்டில் என் நிர்வாகத்தில் ஓடுவதாக நான் நம்பிக்கொண்டிருக்கும் மற்றவை... தண்ணீர் மோட்டார், மகளின் படிப்பு, என் மாதாந்திரத் திட்டங்கள்... அவற்றுக்கும் இவளிடம் தனித்தனி பென் டிரைவ் இருக்கிறதோ? அந்தச் சாவிக்கொத்து வேறு கனமாகத்தான் தெரிகிறது. "அப்ப இது இத்தனை நாளா எதுக்குத்தான் ஓடிச்சு?" என்றேன் துண்டைக் காட்டி. "பாட்டுக்கு. போடுங்க, கேட்டுக்கிட்டே தைக்கிறேன்" என்றாள்.

புதிய சிஸ்டத்தில் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை.