அறுபது டன் ஜோசியம்

அறுபது டன்னைத் தாண்டியும் உத்திரம் உடையாமல் நின்றபோது, அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்காக வருத்தப்பட்ட ஒரே ஜீவன் ஜோசியர்தான். கட்டடம் கட்டப் படித்தவர்கள் கான்கிரீட் உடையக் கூடாதென்று வேண்டிக்கொள்வார்கள். இவன் மட்டும் கம்பிவலைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, "உடைஞ்சிடு தாயே, உடைஞ்சிடு" என்று முனகிக்கொண்டிருந்தான்.

ஜோசியர் என்பது கூடத்தில் வைத்த பெயர். கணினியில் உத்திரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எங்கே விரிசல் விழும், எந்தப் பாரத்தில் ஆயுள் முடியும் என்று பலன் சொல்கிற ஆராய்ச்சி மாணவனை வேறெப்படிக் கூப்பிடுவது? அவன் எடுத்துக்கொண்ட ஜாதகமும் லேசுப்பட்டதல்ல. டீப் பீம். நீளம் குறைச்சல், உயரம் ஜாஸ்தி. உத்திரமா குட்டிச்சுவரா என்று பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். சாதாரண உத்திரம் பாரம் ஏறினால் பணிவாக வளையும். இதற்கு வளைகிற வழக்கமே இல்லை. தலையில் விழுந்ததைச் சாய்வாக இரண்டு காலுக்கும் தள்ளிவிட்டு விறைப்பாக நிற்கும். வழக்கமான சூத்திரங்களின் பருப்பு இதனிடம் வேகாது. அதனாலேயே அவனுக்கு இதன்மேல் அப்படியொரு பித்து.

அறுபது டன்னில் உடையும் என்று வழிகாட்டி மேடத்திடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான். "பத்துல ஒரு பங்கு முன்னப்பின்ன இருந்தா ஒத்துக்கறேன். மீறிச்சுன்னா மாடலை முதல்லேருந்து போடு" என்றிருந்தார் அவர். முதலிலிருந்து என்றால் இன்னும் ஒரு வருஷம். வார்த்து, தண்ணீர் காட்டி, விரிசல் தெரிவதற்காக வெள்ளையடித்து நிறுத்தியிருப்பதோ ஒரே ஓர் உத்திரம். அவன் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கையில்லை. "உடைக்கறதுக்கா இத்தனை வருஷம் படிக்கற? ரெண்டு வயசுலயே வீட்ல ஒரு சாமான் விடாம உடைச்சியேடா, அப்பவே பட்டம் குடுத்திருக்கலாம்."

"அறுபத்தஞ்சு" என்றார் பம்பு அண்ணன். பாரம் ஏற்றும் ஜாக்கியின் எண்ணெய்ப் பம்பு அவர் பொறுப்பு. "என்ன ஜோசியரே, பார்ட்டிக்கு ஆயுசு கெட்டி போலிருக்கே?"

"சும்மா இருங்கண்ணே."

"பரிகாரம் ஏதாவது உண்டான்னு பாரு."

அறுபத்தாறு. அறுபத்தேழு. அவ்வளவுதான், பத்தில் ஒரு பங்கும் தாண்டிவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நல்ல செய்தி சொல்லும்போது அவர் கண்ணாடியைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஜோசியர் குனிந்தான். உத்திரத்தின் வலது கால் கண்ணில் பட்டது.

அந்தக் கால் ஓர் இரும்பு உருளையின் மேல் நிற்கிறது. பாரம் ஏற ஏறக் கால் மயிரிழை வெளியே நகர வேண்டும், அதற்குத்தான் உருளை. அவனுடைய மாடலில் அது வெண்ணெய்போல நகர்ந்தது. இங்கே பாதி உருளை பிளாஸ்டர் சாந்தில் புதைந்து கல்லாகியிருந்தது. உருளை உட்காரும் இரும்புத் தகட்டுக்கு அடியில் மட்டம் பார்க்கக் கொஞ்சம் பூச வேண்டிய சாந்து. பூசியவனுக்குத் திடீரென்று கொத்தனார் ஆசை வந்து உருளைக்கும் சேர்த்து மெழுகிவிட்டான். பூசியவன் இவனேதான். அதனால் கால் விரிய வழியின்றி, உத்திரம் வளைவு வாசல்மாதிரி முட்டுக்கொடுத்துக்கொண்டு கூடுதல் பாரம் சுமக்கிறது!

"அண்ணே, நிறுத்துங்க! ஏத்தாதீங்க, இறக்காதீங்க, அப்படியே பிடிங்க! மேடம், உருளை உருளல மேடம்!"

மேடம் குனிந்து பார்த்தார். "யாரு பூசினது இது?"

"நான்தான் மேடம்!" குற்றத்தை இத்தனை ஆனந்தமாக ஒப்புக்கொண்டவனை அவர் பார்த்திருக்க மாட்டார். "மாடல்லயும் அந்தக் காலைக் கட்டிப்போட்டு இப்பவே ஓட்டறேன்."

"உடைஞ்சப்புறம் ஓட்டிக்கயேன்."

"உடைஞ்சப்புறம் சொன்னா அது சாக்கு மேடம். முன்னாடி சொன்னாத்தான் கணக்கு."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சீக்கிரம். எந்த நிமிஷமும் போயிடும் அது."

சிமெண்ட் மூட்டைமேல் மடிக்கணினி. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே என்று சோம்பேறித்தனமாகப் பாதி உத்திரத்தை மட்டும் மாடல் செய்திருந்தது இப்போது கைகொடுத்தது. முழுசாகச் செய்திருந்தால் விடிந்திருக்கும். கணினி பம்பைவிடச் சத்தமாக மூச்சு வாங்கியது. பின்னால் உத்திரம் 'டிக்' என்று சொடக்குப் போட்டது. வலது காலருகே விழுந்திருந்த சாய்வு விரிசல் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

"இரு தாயே, கொஞ்சம் பொறுத்துக்கோ."

"டேய், இப்பத்தானே அதைச் சாகச் சொன்ன?"

"அது பழைய ஜாதகம்ணே."

திரையில் எண் விழுந்தது. சுண்ணக்கட்டியால் தரையில் பெரிதாக எழுதினான்: எழுபத்து நாலு.

"பத்துல ஒரு பங்கெல்லாம் இப்பக் கிடையாது" என்றார் மேடம். "ரெண்டு டன். அதுக்குள்ள வந்தா ஆய்வேட்டை எழுத ஆரம்பி. வரலைன்னா..."

"ஒண்ணு போதும் மேடம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பம்பு மறுபடி முனகியது. எழுபது. எழுபத்தொண்ணு. விரிசல் காலிலிருந்து தலைக்கு ஒரே வகிடாக எடுத்துக்கொண்டு ஓடியது. எழுபத்திரண்டு.

"எழுபத்து மூணு" என்ற பம்பு அண்ணனின் குரலில் கிண்டல் இல்லை. விரிசலின் இரு கரையிலும் வெள்ளைப் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பி, உதிர மனமில்லாமல் தொங்கி நடுங்கியது. இப்போது உடைந்தால் சொன்ன ஒரு டன்னுக்குள்தான். ஜோசியர் கம்பிவலையில் நெற்றி பதிய நின்றான். ஒரு செதில் மட்டும் பிய்த்துக்கொண்டு, வெளிச்சத்தில் சுழன்று சுழன்று, அவசரமே இல்லாமல் கீழே இறங்கத் தொடங்கியது.