சக்கரையில பூ

முப்பத்திரண்டாவது முல்லைப்பூ பட்டர் பேப்பரை விட்டு உடையாமல் எழுந்து வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனைக்கும் முட்டை கிடையாது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்து, பொடித்த சீனியைக் கொட்டிக் குழைத்து, கோனில் அடைத்துப் பிழிந்தால் பூ நிற்கும் என்று யூடியூபில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவளுக்கு நின்றது. எனக்கு முதல் நாள் வழிந்தது, இரண்டாம் நாள் படுத்துக்கொண்டது, மூன்றாம் நாள் கல்லாகி என் கணவர் நௌஃபலின் கடைவாய்ப் பல்லைப் பதம் பார்த்தது. கோபாலபுரம் செக்போஸ்ட் அருகே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பல்லைக் காட்டியே என் கேக்குக்கு விளம்பரம் செய்தார்.

வீட்டுக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர் இது. மலைமேல் இருக்கும் சக்குபள்ளத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருஷமாக உறவுக்காரப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கே கேக் செய்துகொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறது என்பார்கள். உறவுக்காரர்கள் வேறென்ன சொல்வார்கள்? அப்போதுதான் தென்னந்தோப்பு மயிலாத்தாள் அம்மா, மகள் கௌசிகாவின் உப்புச்சக்கரைக்குக் கேக் கேட்டார். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் சம்பந்தம் உறுதியாவதற்குப் பெயர் அது. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. சுபகாரியம், முட்டை ஆகாது, சக்கரையில் பூப் போட்டுக் கொடு என்று சொல்லிப் போனார். இது மட்டும் சரியாக வந்துவிட்டால் நானும் கேக் செய்கிறவள்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிடும். கேட்பவர்களுக்குச் சின்ன ஆசை. எனக்கு ராத்தூக்கம் போன ஆசை.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினோரு மணிக்கு, மயிலாத்தாள் அம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். நான் பெருமை தாங்காமல் தட்டை நீட்டினேன். முப்பத்திரண்டு பூவையும் பார்த்தார். முகம் மலரவில்லை.

"ஏங் கண்ணு, இதென்ன அஸ்காவுல போட்டு வெச்சிருக்கறே? நாஞ் சக்கரையிலயல்ல போடச் சொன்னேன்?"

பையை அவிழ்த்தார். பழுப்பாக, ஈரப்பதமாக, கரும்பு மணக்கும் நாட்டுச்சர்க்கரை. மாப்பிள்ளை வீட்டு ஆலையில் காய்ச்சியதாம். வெள்ளையை எங்கள் மலையில் சீனி என்போம், நௌஃபல் கடையில் பஞ்சாரை என்பார்கள், மயிலாத்தாள் அம்மா வீட்டில் அதுவே அஸ்கா. சக்கரை என்றால் அவருக்கு இந்தப் பழுப்பு ஒன்றுதான். நானோ பள்ளிக்கூடத்துத் தமிழை நம்பி வெள்ளைச் சீனியில் ஒரு வாரத்தைக் கரைத்திருந்தேன். பூவைக் குறை சொல்லவில்லை என்றும், மாற்றிக்கொள்ளும் நாளில் அஸ்கா வைத்தால் சம்பந்தி வீட்டுக்கு மரியாதையாக இருக்காது என்றும் மயிலாத்தாள் அம்மா பொறுமையாகச் சொன்னார். அப்புறம் என் தலையைத் தடவினார்.

"ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடு கண்ணு. கேக்கு வெக்கற தட்டுல பழம் வெச்சுக்கறோம்."

அந்தக் கனிவுதான் என்னை உசுப்பிவிட்டது. ஆகும் என்று சொல்லிவிட்டேன். எப்படி ஆகும் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அகப்பட்டிருப்பேன்.

நாட்டுச்சர்க்கரையை மிக்ஸியில் போட்டேன். சூடேறி இளகி, களியாக அடியில் ஒட்டிக்கொண்டது. தட்டில் பரப்பி மொட்டைமாடியில் வைத்தேன். வாளையார் கணவாயை நோக்கி வீசும் தை மாத வறட்டுக் காற்று இரண்டே மணி நேரத்தில் அதன் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. எங்கள் ஊர் மூட்டத்தில் இரண்டு நாள் ஆகியிருக்கும். காய்ந்ததைப் பொடித்து, துப்பட்டாவில் சலித்து, கொஞ்சம் சோளமாவு கலந்து, கடலைத் தண்ணீர் நுரையில் குழைத்துப் பிழிந்தேன். இதழ் நிற்கவே இல்லை. மதியம் சாப்பிட வந்த நௌஃபல் தட்டை எட்டிப்பார்த்து, வறட்டி தட்டியிருக்கிறாயா என்று கேட்டார். வாய் சும்மா இருக்காது அவருக்கு. ஆனால் என் கண் கலங்கியதைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாதிக்குப் பாதி பஞ்சாரை சேத்துக்க ரிஸ்வானா. நெறம் மாறாது. ஆருக்குத் தெரியப் போவுது?"

சேர்த்தால் நின்றுவிடும், எனக்குத் தெரியும். பொடித்த சீனி டப்பாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

"இந்தச் சக்கரையக் கையில வச்சுத்தானங்க ரெண்டு வீட்டுக்காரகளும் வாக்குக் குடுப்பாக. அதுல போயி நான் கலப்படம் பண்ணவா?"

அவர் மூடியை வாங்கி டப்பாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மறுபடி கோனை எடுத்தேன். கோபத்தில் அழுத்திச் சட்டென்று இழுத்ததில் ஒரு சொட்டு விழுந்தது. அடி பருத்து, நுனியில் சின்னதாக ஒரு வால். பழுத்த நெல்லின் அதே நிறம். இந்தப் பாகு எழுந்து நிற்காது, சரி. நெல்மணி எங்கே எழுந்து நிற்கிறது? முற்றினால் அது சாயத்தானே செய்யும்? பக்கத்தில் இன்னொரு சொட்டு, எதிர்ப்பக்கம் ஒன்று, நடுவில் மெல்லிய தண்டு. கதிர் வந்துவிட்டது. "என்னங்க, இங்க பாருங்க" என்று நான் போட்ட சத்தத்தில் நௌஃபல் கையில் சோற்றோடு ஓடிவந்தார். பார்த்துவிட்டு, விளைச்சல் பரவாயில்லை என்றார். அன்று மாலைக்குள் நாற்பது கதிர் பிழிந்தேன். மணிக்கட்டு வீங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. மறுநாள் முழுக்க மாடியில் வலை போர்த்திக் காயவைத்து, எறும்புக்குக் காவலிருந்தேன். பெரிய கேள்வி ஒன்றுதான். நாட்டுச்சர்க்கரை காய்ந்ததுபோல நடித்துவிட்டு உள்ளே ஈரத்தை ஒளித்துவைத்திருக்கும். கூட்டத்தின் வெக்கையில் கசிந்துவிட்டால் கதிர் முழுக்கக் கேக்கின் மேல் ஒழுகிவிடும்.

விசேஷத்தன்று காலை, கேக்கின் விளிம்பெங்கும் கதிர்களைச் சாய்த்து வைத்து, பெட்டிக்குள் மூடி, பைக்கில் மடியில் ஏந்திக்கொண்டு போனோம். பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் அம்மா பட்டுச்சேலையோடு வேகவேகமாக வந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார். குனிந்து, ஒரு கதிரிலிருந்து ஒரே ஒரு மணியை நகத்தால் கிள்ளி எடுத்தார். களத்தில் நெல் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்க்கிறவர்கள் செய்வதைப்போல அதை முன்பல்லுக்கு நடுவில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். நௌஃபல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேளக்காரர் அப்போதுதான் மேளத்தை இறக்கி வைத்திருந்தார்.

'டக்' என்றது. கண்ணைத் திறக்காமலே மயிலாத்தாள் அம்மாவின் விரல் இரண்டாவது மணியைத் தேடிப் போனது.