பூட்டு பாஸ்டரின் ஆமென்

அவருக்குப் ‘பூட்டு பாஸ்டர்’ என்று தெருவே சேர்ந்து பெயர் வைத்தது நாட்டைப் பிடித்து ஆண்ட ராணுவத் தளபதியின் காலத்தில். திங்கட்கிழமை மதியம் லுத்தரன் கோயிலில் ஜெபம் நடக்கும்போது போலீஸ்காரர்கள் பூட்ஸ் காலோடு நுழைந்து, வாயைத் திறந்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பார்த்தார் பாஸ்டர். ஜெபம் தொடங்கியதும் கதவை உள்பக்கம் பூட்டச் சொல்லிவிட்டார். யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் வந்து ஆண்டவரிடம் முறையிடலாம். கடைசி ஆளும் முடித்து, மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் ஆமென் சொன்னால்தான் சாவி திரும்பும். ஒரு தடவை அந்த ஆமென் விடியும் வரைக்கும் வரவில்லை. வெளியே நின்ற போலீசுக்குக் கால் கடுத்ததுதான் மிச்சம். தளபதியின் நாற்காலி ஆட்டம் கண்டது அன்றைக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு.

தளபதி போனார், தேர்தல் வந்தது, பாஸ்டர் நின்றார், ஜெயித்தார். ‘அங்கியா, பதவியா?’ என்று திருச்சபை மேலிடம் கேட்டது. கறுப்பு அங்கியையும் கழுத்தில் கட்டும் இரண்டு வெள்ளைப் பட்டைகளையும் மடித்துக் கொடுத்துவிட்டு உள்துறை மந்திரி ஆனார். மாடிப்படியில் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பும் போட்டது.

இப்போது அவருடைய இலாகாவே ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. பத்துப் பேருக்கு மேல் எங்கே கூடினாலும், ஜெபத்துக்கே கூடினாலும், உள்துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். தளபதியின் ஆட்கள் மறுபடி தலைதூக்குகிறார்களாம், அதற்காகவாம். வாக்கெடுப்பு திங்கட்கிழமை பிற்பகல். ஒற்றை ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அவர் மனைவி ஷூவுக்கு பாலிஷ் போட்டபடியே சொன்னாள்: “போற வழியில ஜெபத்துக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போங்க. வரலேன்னா பயந்துட்டாருன்னு பேசுவாங்க.”

“யாருக்கு பயம்?” என்றார் மந்திரி. சிக்கினார்.

முன்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. எத்தனையோ தடவை கேட்ட சத்தம். முதுகுக்குப் பின்னால் கேட்டது இதுதான் முதல் தடவை.

ரொட்டிக்கடைக்காரி முதலில் வந்தாள். அடுப்பைப் பற்றி, மாவைப் பற்றி, மருமகளின் முழங்கால் வலியைப் பற்றியெல்லாம் ஆண்டவருக்கு விவரமாகச் சொன்னாள். அப்புறம் பல் டாக்டர். பிறகு ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் ஒரு காலத்தில் தபால் கொண்டுபோன தெருக்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்டார். வரிசை சுவர் ஓரமாக வளைந்து ஆர்கன் வரைக்கும் நின்றது. தபால்காரர் முடித்ததும் ரொட்டிக்கடைக்காரி வரிசையின் வாலில் போய் மறுபடி நின்றுகொண்டாள். அப்போதுதான் மந்திரிக்கு உறைத்தது.

சட்டைப்பைக்குள் போன் துடித்தது. கொறடா. மந்திரி குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

“எங்கய்யா இருக்கீங்க?”

“கோயில்ல.”

“சாமியை அப்புறம் பாத்துக்கலாம். இங்க நீங்க இல்லாட்டி மசோதா காலி, நானும் காலி. எந்திரிச்சு வாங்க!”

“பூட்டியிருக்கு.”

“எவன் பூட்டினான்?”

மந்திரி போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மெதுவாக எழுந்து கதவருகே போனார். மணியடிக்கிறவர் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் திறங்க. அவசரம்.”

“ஆமென் ஆகலியே தம்பி.”

“நான் மந்திரி, அண்ணே.”

“தெரியும். அன்னிக்கு உள்துறைச் செயலாளரே வெளிய நின்னு கதவைத் தட்டினாரு. கடவுளே வந்தாலும் திறக்காதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.” கொஞ்சம் இரங்கி, “ஒண்ணுக்குன்னா பின்னாடி வாளி இருக்கு,” என்றார்.

மந்திரிக்கு வியர்த்தது. ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு நிம்மதி. பூட்டிவிட்டார்கள், நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கட்சிக்கும் துரோகமில்லை, கோயிலுக்கும் துரோகமில்லை. அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாக இருந்தது. விறுவிறுவென்று நடந்து வரிசையை இடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். தானே முடித்துவைத்தால் தீர்ந்தது.

“ஆண்டவரே, இந்தக் கூட்டத்தை ஆசீர்வதியும். ஆமென்.”

ஒரு ஈ காக்கைகூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடியபடியே இருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“எங்கள் நாட்டுக்குச் சமாதானம் தாரும். ஆமென்.”

யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

பதவிக்குப் போன பிறகு அவர் அந்த மைக்கைத் தொட்டதில்லை. ஊர் ஊராக எத்தனையோ மைக் பிடித்தாயிற்று. இதன் முன்னால் மட்டும் குரல் பழைய பாஸ்டரின் தடத்திலேயே போய் விழுந்தது.

“ஆண்டவரே, அந்த மசோதாவை எழுதினது அதிகாரிங்க இல்ல. நான்தான். தளபதி ஆளுங்க யாரும் எங்கயும் கூடலை. நாம அந்த ஆளை எப்படி இறக்கினோம்னு எனக்குத் தெரியும். அதே மாதிரி என்னையும் இறக்கிடுவாங்களோன்னு பயம். வேற ஒண்ணுமில்ல.”

அவர் ஆமென் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. இனி ஒருத்தரும் தன்னை வெளியே விடமாட்டார்கள் என்று நினைத்தார். விடாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

“ஆமென்,” என்றாள் பின்வரிசையிலிருந்து அவர் மனைவி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“என்னக்கா நீங்க! ஓட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரந்தானே?” என்று பல்லைக் கடித்தாள் ரொட்டிக்கடைக்காரி.

“நிசத்தைச் சொல்லிட்டாரு. அதுக்கு மேல ஒரு மனுசனைப் பூட்டி வச்சா நாமளும் அவரும் ஒண்ணுதான். போகட்டும். போய் என்ன பண்றாரோ அவரே பண்ணட்டும்.”

அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆமென் கிளம்பி, கடைசியில் ஒரே குரலானது. சாவி திரும்பியது.

வெளியே கார் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு தெரு தாண்டியதும் மந்திரி, “மெதுவா போப்பா,” என்றார்.

“இதுக்கு மேல மெதுவா போனா பின்னாடி நகரும் ஐயா,” என்றான் டிரைவர்.

அப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படியிலேயே காத்திருந்த கொறடா அவர் முழங்கையைப் பிடித்து, மாப்பிள்ளையை அழைத்துப் போவது போல இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைத்தார். கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்துக் கைகளெல்லாம் எழுந்தன. அவருடைய கையும் எழுந்தது. தனக்குத் தெரியாமலே எழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மசோதா ஒற்றை ஓட்டில் நிறைவேறியது. கொறடா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ முன்னமே சொல்லிவிட்டிருந்தது. தட்டை வைத்தாள், சூப்பை ஊற்றினாள், எதிரே உட்கார்ந்தாள்.

“அடுத்த திங்கக்கிழமை ஜெபத்துக்கு அனுமதி வாங்கணுமில்ல? யார்கிட்ட கேக்கணும்?”

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

“என்கிட்டதான்,” என்றார்.

“சரி. கேக்கறேன். குடுப்பீங்களா?”

சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.