பெயர் போட்டு எழுதிய பொய்

விட்பி துறைமுகத்தில் ஹில்டா தாக்ரேயின் மீன் கடை முன்னால் இப்போது கடற்காகங்கள்தான் காத்து நின்றன. ஊரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று ஓர் இணையப் பக்கம் உண்டு. அதில் பேரில்லாத எவனோ ஒரு பாவி, ‘ஹில்டா கெட்டுப்போன மீனைப் பொரித்துக் கொடுக்கிறாள்’ என்று எழுதிவிட்டான். ஈஸ்டர் விடுமுறையிலும் வியாபாரம் இல்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

பக்கத்தை நடத்துகிறவன் நார்மன் ஆர்மராட், ஓய்வுபெற்ற வாத்தியார். அவன் வீட்டு வாசலில் நின்று ஹில்டா அழுதாள்.

“நானா எழுதினேன்? ஊர் எழுதுது, நான் இடம் குடுக்கறேன். சட்டம் என்னைத் தொடாது போ” என்று சிரித்தபடியே கதவைச் சாத்தினான். பொய்யைக்கூட மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பை மன்னிப்பாளா!

வக்கீல் க்வெண்டா உள்ளதைச் சொன்னாள். “நோட்டீஸ் விட்டா அந்த வரியைப் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டுத் தப்பிச்சுடுவார். எழுதினது வேற ஆள்ங்கறதுதான் அவருக்குப் பாதுகாப்பு.”

“அவனே எழுதினா?”

“அப்போ வசமா மாட்டுவார்.”

“நோட்டீஸ் இப்ப வேணாம்மா” என்று ஹில்டா எழுந்தாள்.

சனிக்கிழமை மதுக்கடையில் நல்ல கூட்டம். ஹில்டா நேரே நார்மன் மேஜைக்குப் போனாள்.

“ஏய்யா நார்மன், பேரில்லாதவன் முதுகுக்குப் பின்னாடி எத்தனை நாள் ஒளிஞ்சிருப்பே? அது நெஜம்னா உன் பேரைப் போட்டு எழுதேன் பாப்போம். வாத்தியாராம், பெரிய வாத்தியார்!”

கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. நார்மனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அங்கேயே போனை எடுத்து, ‘இது உண்மை. நானே விசாரித்தேன். நார்மன் ஆர்மராட்’ என்று அந்த வரிக்குக் கீழே சேர்த்தான்.

“போதுமா?”

“தாராளமா போதும்” என்றாள் ஹில்டா. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஹில்டா போட்ட வழக்கின் தாள்கள் கைக்கு வந்ததும் நார்மன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தான்.

“ஹில்டா, நீ கேக்கற நஷ்டஈட்டுக்கு வீட்டையே விக்கணும் போலிருக்கு. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேனே, விட்டுடேன்.”

அவள் ஒரு ஹாடக் மீனைப் பொரித்து, உப்பும் வினிகரும் தூவி நீட்டினாள்.

“ஜன்னல்கிட்ட நின்னு தின்னு. தெருவே பாக்கட்டும்.”

தின்றான். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்க அவள் விடவில்லை.

“இப்ப வழக்கை வாபஸ் வாங்கிடுவியா?”

“மீன் எப்படி இருந்துச்சு?”

“நல்லா… நல்லாத்தான் இருந்துச்சு.”

“அதைக் கோர்ட்டுல வந்து சொல்லு” என்று ஹில்டா கதவைத் திறந்துவிட்டாள்.